நாய்க்குட்டியைக் கூண்டுக்குப் பழக்குவதும் குரைப்பைக் குறைப்பதும்: முழுமையான வழிகாட்டி

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் பலரும் கேட்பது இரண்டு கேள்விகள். கூண்டில் விட்டால் கத்துகிறதே, என்ன செய்ய? வெளியே விட்டாலும் குரைத்துக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என்ன செய்ய? இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் தேடுவார்கள். என்னைக் கேட்டால் அடிப்படையில் இரண்டும் ஒரே வேலைதான். தனியாக இருந்தாலும் பயமில்லை, சும்மா படுத்திருந்தாலும் நல்லது கிடைக்கும் என்று குட்டி நம்பத் தொடங்கிவிட்டால் கூண்டும் பழகும், குரைப்பும் பெருமளவு அடங்கும். அந்த நம்பிக்கையை எப்படி வளர்ப்பது, எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

கூண்டு எதற்கு

நீங்கள் கவனிக்க முடியாத சிறு பொழுதுகளில் குட்டி மின்கம்பியைக் கடிக்காமல், கண்டதை விழுங்காமல் இருக்கக் கூண்டு உதவும். நாய்கள் பொதுவாகத் தாங்கள் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்புவதில்லை. அதனால் கழிப்புப் பழக்கம் வருவதற்கும் அது துணை. பிற்காலத்தில் அறுவை சிகிச்சை, பயணம் என்று அடைபட்டு இருக்கவேண்டிய நிலை வந்தால், ஏற்கெனவே பழகிய நாய் பதறாது. இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுக்காகவே எல்லாக் குட்டிகளுக்கும் கொஞ்சமாவது கூண்டு பழக்கம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் கூண்டு இல்லாமல் நாய் வளர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயை வழக்கமாகக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பயணம், நாய்க் கண்காட்சி போன்ற தற்காலிகத் தேவைகளுக்கு மட்டும்தான் அனுமதி. அங்கும் நாய்கள் நன்றாகவே வளர்கின்றன. கூண்டு ஒத்தே வராத குட்டிக்குக் கம்பி வேலி போட்ட ஒரு மூலை, அல்லது ஆபத்தான பொருள்களை அகற்றிவிட்டு வாசலில் தடுப்பு வைத்த சிறிய அறை போதும். கீழே சொல்லும் படிகள் அதற்கும் பொருந்தும்.

இரண்டு விஷயங்களுக்குக் கூண்டைப் பயன்படுத்தவே கூடாது. ஒன்று தண்டனை. செருப்பைக் கடித்ததற்காகக் கூண்டில் தள்ளினால், கூண்டுதான் தண்டனை என்று பதிந்துவிடும். இன்னொன்று, நாள் முழுக்க நாயை ஓரமாக வைத்திருப்பது. வேலைக்குப் போய் மாலையில் திரும்பும்வரை ஒரு குட்டி உள்ளேயே கிடந்தால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. அந்த நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காதென்றால், குட்டி வாங்கும் முடிவையே கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது.

எந்த அளவு, எந்த வகை

நாய் தலை குனியாமல் நிற்க வேண்டும், இடிக்காமல் திரும்ப வேண்டும், கால்களை நீட்டிப் படுக்க வேண்டும். இதுதான் அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதோடு சுமார் 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள், அது நீளம். நிற்கும்போது தரையிலிருந்து உச்சந்தலைவரை அளந்து, அதற்கும் 10 சென்டிமீட்டர் கூட்டினால் உயரம். காது நிமிர்ந்த நாயாக இருந்தால் காது நுனிவரை அளந்துகொள்ளுங்கள்.

வளரும் குட்டிக்கு ஒவ்வொரு மாதமும் புதுக் கூண்டு வாங்க முடியாது. முழு வளர்ச்சிக்கு ஏற்ற கம்பிக் கூண்டை வாங்கி, உள்ளே நடுத்தடுப்பு போட்டு இடத்தைக் குறைத்து, குட்டி வளர வளரத் தடுப்பை நகர்த்திக்கொண்டே போகலாம். ஆரம்பத்திலேயே பெரிய இடம் கொடுத்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறுமூலையில் நிம்மதியாகப் படுத்துவிடும். கழிப்புப் பழக்கம் தள்ளிப்போகும்.

கம்பிக் கூண்டில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், மடித்து வைக்கலாம். பிளாஸ்டிக் கூண்டு மூடலாகவும் இருட்டாகவும் இருப்பதால் சில நாய்களுக்கு அதிலேதான் தூக்கம் வரும். பயணத்துக்கும் அதுவே தோது. துணிக் கூண்டைக் குட்டிக்கு வாங்காதீர்கள். பல் முளைக்கும் வயதில் ஒரே நாளில் கிழித்துவிட்டு வெளியே வந்துவிடும், அப்படி வெளியேறியது அதற்கு மறக்கவும் மறக்காது.

உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையும் மார்புப்பட்டையும் கழற்றியாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பட்டையின் வளையமோ பெயர்த்தகடோ கம்பியில் மாட்டிக்கொண்டால் நாய் மிரண்டு இழுக்கும். கழுத்து இறுகி உயிரே போகலாம்.

எங்கே வைப்பது

பகலில் ஆட்கள் இருக்கும் அறையின் ஓரம். நடைபாதைக்குக் குறுக்கே வேண்டாம், ஜன்னலை ஒட்டியும் வேண்டாம். ஜன்னலோரம் வைத்தால் போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்க நீங்களே இடம் போட்டுக் கொடுத்தது போலாகும். நேர்வெயில் படக்கூடாது. நாய்க்கு மனிதர்களைப் போல உடல் முழுக்க வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்று இல்லாத சூடான மூலையில், அதுவும் பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு, கூண்டு ஆபத்தாகிவிடும். மேலே துணி போர்த்துவதாக இருந்தால் குறைந்தது ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும்.

கம்பிகள் லொடலொடவென்று ஆடினால் இறுக்கிவிடுங்கள், தட்டுக்கு அடியில் துணி வையுங்கள். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ்வரைதான் கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ்வரை போகும். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் உலோகச் சத்தம் குட்டியைத் திடுக்கிட வைத்துவிடும்.

பழக்கும் படிகள்

நாள் கணக்கு வைத்துப் படியேறாதீர்கள். ஒரு குட்டிக்கு ஒரே வார இறுதியில் முடியும் வேலை இன்னொரு குட்டிக்கு ஒன்றரை மாதம் பிடிக்கும். ஒரு படியில் குட்டி தளர்வாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உடல் இளகி, மூச்சு சீராக, கொடுத்ததைத் தின்றால் அடுத்த படிக்குப் போகலாம். உடல் விறைத்து, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருந்து, கொடுத்ததைத் தொடாமல் வாசலையே பார்த்தால் ஒரு படி இறங்குங்கள். ஒவ்வொரு அமர்வும் ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை செய்யலாம். தொடங்குவதற்கு முன் குட்டி சிறுநீர் கழித்திருக்க வேண்டும், கொஞ்சம் விளையாடியிருக்கவும் வேண்டும்.

*முதல் படி: திறந்த கதவு.* கதவு தற்செயலாக மூடிக்கொள்ளாதபடி கட்டிவிடுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரீட் (பரிசாகக் கொடுக்கும் சிறு தீனித் துண்டு), வாசலில் ஒன்று, சற்று உள்ளே ஒன்று. குட்டி தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடினாலும் சரி. தூக்கி உள்ளே வைக்காதீர்கள், பின்னாலிருந்து தள்ளவும் வேண்டாம். தானாக உள்ளே போனோம், தானாக வெளியே வந்தோம் என்பதுதான் இந்தப் படியின் முழுப் பாடம். குட்டி பார்க்காத நேரத்தில் உள்ளே ஒரு டிரீட்டைப் போட்டு வையுங்கள். எதேச்சையாகப் போய்க் கண்டுபிடித்துத் தின்னும்; அப்புறம் அடிக்கடி தானாகவே போய் எட்டிப் பார்க்கும்.

*இரண்டாம் படி: சாப்பாடு.* தட்டை முதலில் வாசலில் வையுங்கள். அடுத்த வேளை கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்த வேளை கடைசிவரை. நான்கு காலும் உள்ளே இருக்க, குட்டி அவசரமில்லாமல் தின்று முடிக்க வேண்டும். கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

*மூன்றாம் படி: ஒரு சொல்.* குட்டி உள்ளே போகப்போகிறது என்று உறுதியாகத் தெரியும் நொடியில் ‘உள்ளே’ என்றோ ‘வீட்டுக்கு’ என்றோ ஒரு சொல்லைச் சொல்லுங்கள். போனதும் உள்ளேயே பரிசு. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். சொல்லைக் கேட்டதும் துள்ளிக்கொண்டு ஓடும் நிலை வந்தால், கதவை மூடும் படிக்குப் போகலாம்.

*நான்காம் படி: மூடிய கதவு.* குட்டி தின்றுகொண்டிருக்கும்போது மெதுவாகக் கதவைச் சாத்துங்கள், தின்று முடிப்பதற்கு முன்பே திறந்துவிடுங்கள். சில தடவை இப்படிச் செய்தபிறகு, முடித்த பின்னும் மூன்று நொடி, ஐந்து நொடி என்று விட்டுப் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேரத்தை ஏறுவரிசையிலேயே கூட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கஷ்டம் என்று குட்டி கண்டுகொள்ளும். ஐந்து நொடி, பத்து, மூன்று, பதினைந்து, எட்டு என்று ஏற்ற இறக்கமாகக் கொடுங்கள். நடுவில் வரும் சுலபமான சுற்றுகள் அதன் தைரியத்தைக் காக்கும்.

*ஐந்தாம் படி: தூரம்.* கதவு மூடியிருக்க, நீங்கள் ஓர் அடி நகர்ந்து திரும்பி வந்து பரிசு கொடுங்கள். பிறகு அறையின் மறுகோடி. பிறகு பார்வையிலிருந்து ஒரு நொடி மறைவது. பெரும்பாலான குட்டிகள் இங்கேதான் தடுமாறும். முன்பு ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த குட்டிகூட நீங்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் எழுந்து நிற்கும். அதனால் மறையும் படியைத் தொடங்கும்போது நேரத்தை மறுபடி ஒரு நொடிக்குக் கொண்டு வாருங்கள். தூரம், நேரம் இரண்டையும் ஒரே அமர்வில் கூட்டக் கூடாது.

*ஆறாம் படி: தூங்கும் பொழுது.* நன்றாக விளையாடிக் களைத்த குட்டியை, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், உள்ளே வைக்கும் நல்ல தீனியோடு விடுங்கள். நடுவில் குழிவுள்ள ரப்பர் பொம்மைக்குள் உணவைத் திணித்து உறைய வைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே உறங்கிவிடும். கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்குக் கொடிய நஞ்சு. சாக்லேட், திராட்சை, வெங்காயமும் ஆகாது.

வீட்டை விட்டு வெளியே போவது கடைசிப் படி. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அரைமணி நேரம் நிம்மதியாக உறங்கும் குட்டியைத்தான் தனியே விட்டுப் போகலாம். முதலில் வாசல்வரை, பிறகு தெருவரை, பிறகு கால் மணி நேரம். பழைய கைப்பேசியைக் கேமராவாக வைத்துவிட்டுப் போனால், நீங்கள் போனபிறகு என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

உள்ளேயிருந்து கத்தினால்

எல்லோரையும் குழப்பும் இடம் இது. ‘கத்தும்போது திறக்கவே கூடாது’ என்று ஒரு சாரார், ‘ஒரு நொடிகூட அழ விடாதே’ என்று இன்னொரு சாரார். சத்தத்தைக் கேட்டு இனம் பிரித்தால் குழப்பம் தீரும்.

லேசான முனகல், இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, உடம்பு படுத்தபடி இருப்பது: இது உறக்கத்துக்கு முந்தைய சிணுங்கல். ஓரிரு நிமிடம் விடுங்கள். பெரும்பாலும் அப்படியே உறங்கிவிடும்.

உறங்கிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று எழுந்து, சுற்றி மோந்து, அவசரமாகக் கத்தினால் வயிறோ சிறுநீர்ப்பையோ அழைக்கிறது. உடனே கயிறு கட்டி வெளியே கொண்டுபோங்கள். கழித்ததும் பாராட்டு. விளையாட்டு கிடையாது, நேரே கூண்டுக்கு. வெளியே போக இது வழி, கூத்தடிக்க இது வழியில்லை என்று அதற்குப் புரிந்துவிடும்.

உங்கள் கண்ணைப் பார்த்து ஒரே தாளத்தில் குரைத்து, நீங்கள் அசைந்தால் வாலாட்டினால் அது கோரிக்கை. இரண்டு மூன்று நொடி மௌனம் வரும்வரை காத்திருந்து, அந்த மௌனத்தில் போய்த் திறங்கள். அடுத்த முறை, குரைக்கத் தொடங்கும் முன்பே திறக்கும்படி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வகை பீதி. குரல் உச்சத்துக்குப் போகும், நிற்கவே நிற்காது. எச்சில் ஒழுகும், கம்பியைக் கடிக்கும், தரையைப் பிறாண்டும். இதற்கு மௌனம் வரும்வரை காத்திருக்காதீர்கள், வராது. உடனே திறந்துவிடுங்கள். பயம் திறந்துவிட்டதால் வளராது, அடைத்து வைத்தால் கண்டிப்பாக வளரும். நீங்கள் எடுத்த படி அதற்குப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். நடந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று படி கீழிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இரவு

முதல் சில வாரங்கள் கூண்டு உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தாயும் கூடப்பிறந்த குட்டிகளும் சேர்ந்து உறங்கிய உயிர், நேற்றுவரை தெரியாத வீட்டில் தனியறையில் உறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கையை நீட்டிக் கம்பிக்குள் விரலை விட்டாலே பல குட்டிகள் அடங்கிவிடும். இப்படிச் செய்தால் செல்லம் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம். உறக்கம் சீரானதும் கூண்டை ஒவ்வொரு இரவும் ஓர் அடி, இரண்டு அடி என்று நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டே போகலாம்.

எட்டு முதல் பத்து வார வயதில் இரவில் ஓரிரு முறை வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கும். அது கத்தி எழுப்பும்வரை காத்திராமல், வழக்கமாக எழும் நேரத்துக்குக் கால்மணி முன்னதாக அலாரம் வைத்து நீங்களே எழுப்புங்கள். கத்தினால்தான் ஆள் வரும் என்ற பாடம் படியாது. சில நாள் இது சரியாகப் போனால் அலாரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளி வையுங்கள்.

எவ்வளவு நேரம்

மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் மணிக்கணக்கின் உச்சவரம்பு என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி, மூன்று மாதத்துக்கு நான்கு. இதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாண்டக் கூடாத எல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் பகல் வேளையில் இதில் பாதிகூடத் தாங்காத குட்டிகள் உண்டு. வளர்ந்த நாய்க்கும் பகலில் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளே அசுத்தம் ஆகிவிட்டால் திட்டாதீர்கள். நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அதுதான் சிறுநீர் வாடையை உடைக்கும். அமோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால் குட்டி மறுபடி அங்கேயே போகலாம்.

குரைப்பு: முதலில் காரணம்

ஓநாய்கள் அதிகம் குரைப்பதில்லை. நாய்தான் எல்லாவற்றுக்கும் குரைக்கும். ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்தின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்ராட்ஸும் அவர் குழுவும் வெவ்வேறு சூழல்களில் நாய்கள் குரைத்ததைப் பதிவு செய்து, மனிதர்களைக் கேட்க வைத்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், நாயே வளர்க்காதவர்கள்கூடக் குரைப்பின் சூழலைக் குருட்டுக் கணிப்பைவிட நன்றாகவே ஊகித்தார்கள். தாழ்ந்த குரலில் இடைவெளி குறைவாக வரும் குரைப்பை மிரட்டல் என்றும், உயர்ந்த குரலில் விட்டுவிட்டு வருவதைத் தவிப்பு என்றும் புரிந்துகொண்டார்கள். உங்கள் காதுக்கும் அந்தத் திறமை உண்டு. வாயை அடைக்க வழி தேடும் முன் ஒரு வாரம் கேளுங்கள். எந்த நேரம், எதைப் பார்த்து, எவ்வளவு நேரம், கடைசியில் குட்டிக்கு என்ன கிடைத்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் காரணம் பெரும்பாலும் இருக்கும்.

பீகிள், டெரியர், ஸ்பிட்ஸ் இனங்களைச் சேர்ந்தவை பிறவியிலேயே வாயாடிகள். இவற்றைக் குரைக்காத நாயாக மாற்ற முடியாது. இரண்டு குரைப்போடு நிறுத்திக்கொள்ளும் நாயாக மாற்றலாம்.

வாசல் மணி, ஜன்னல், தெருச் சத்தம்

ஜன்னலில் நின்று தெருவில் போகிறவரைப் பார்த்துக் குரைக்கிறது. அவர் தன் வழியே போய்விடுகிறார். நாயின் கணக்கில் தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார். ஒவ்வொரு நாளும் பலமுறை இப்படி வெற்றி கிடைக்கும்போது நீங்கள் ‘சும்மா இரு’ என்று கத்தி என்ன பயன்? நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குத் தோன்றும்.

முதல் வேலை, காட்சியை மறைப்பது. ஜன்னலின் கீழ்ப்பாதியில் பனிக்கண்ணாடி ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், சோபாவை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். மின்விசிறி போன்ற ஒரே சீரான ஓசை ஓடினால் வெளிச்சத்தம் மங்கும். பலர் இதைப் பயிற்சியாகவே மதிப்பதில்லை. ஆனால் குரைத்துப் பழகும் வாய்ப்பைக் குறைக்காமல் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

அடுத்து, மணிச் சத்தத்தின் பொருளையே மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு மணியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். குட்டி காதை மட்டும் திருப்பும் அளவுக்குத் தாழ்ந்த ஒலியில் ஒரு முறை போட்டுவிட்டு, உடனே ஒரு டிரீட். குரைத்தாலும் குரைக்காவிட்டாலும் மணிக்குப் பின் டிரீட் வரும். சில நாளில் மணி கேட்டதும் வாசலைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கும். அந்தத் திரும்பல் வந்தபிறகுதான் ஒலியைக் கூட்ட வேண்டும். அதன்பின் மணி கேட்டதும் பாய்க்கோ கூண்டுக்கோ போகும்படி பழக்குங்கள். ‘உள்ளே’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதல்லவா, இங்கே கைகொடுக்கும். விருந்தாளி வரும்போது குட்டிக்குப் போக ஓர் இடமும், அங்கே செய்ய ஒரு வேலையும் கிடைத்துவிடும்.

‘போதும்’ என்ற சொல்லையும் இப்படியே கற்றுக்கொடுக்கலாம். இரண்டு மூன்று குரைப்புக்குப் பின் நல்ல மணமுள்ள டிரீட்டை மூக்கருகே கொண்டுபோங்கள். மோந்துகொண்டே குரைக்க முடியாது. வாய் அடங்கிய நொடியில் அமைதியான குரலில் ‘போதும்’ என்று சொல்லி, இரண்டு நொடி கழித்துக் கொடுங்கள். பிறகு ஐந்து நொடி, பத்து நொடி. கையில் டிரீட் இல்லாமல் சொல்லும்போதும் வாய் மூடினால்தான் சொல்லின் பொருள் புரிந்தது என்று அர்த்தம். அப்போது அடுத்த அறையிலிருந்து கொண்டுவந்து பரிசு கொடுங்கள்.

கேட்டு வாங்கும் குரைப்பு

நீங்கள் சாப்பிடும்போது, கைப்பேசியில் பேசும்போது, பந்தை எடுக்கும்போது வருவது இது. மருந்து சுலபம், கடைப்பிடிப்பது கடினம்: குரைத்தால் எதுவுமே கிடைக்காது. பார்வை, பேச்சு, ‘ஷ்ஷ்’ எதுவும் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மௌனம் வந்ததும் திரும்பிக் கவனியுங்கள்.

நிறுத்திய முதல் சில நாள்கள் குரைப்பு இன்னும் கூடும். இதுவரை பலித்த உபாயம் பலிக்காதபோது எந்த உயிரும் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். இந்தக் கட்டத்தில் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால் நிலைமை மோசமாகும். எப்போதாவது ஒருமுறை பலன் தரும் செயல், எப்போதும் பலன் தரும் செயலைவிடப் பிடிவாதமாக நிலைக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து விரிவாக ஆராய்ந்து காட்டிய விஷயம் அது. வீட்டில் ஐந்து பேர் இருந்து நான்கு பேர் உறுதியாக இருந்தும், ஒருவர் மட்டும் மேசைக்கு அடியில் ஊட்டிக்கொண்டிருந்தால் குரைப்பு ஒருநாளும் நிற்காது. ஆகவே குட்டிக்கு முன் வீட்டாருக்குப் பயிற்சி கொடுங்கள். கூடவே, அமைதியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கடந்து போகும்போது ஒரு துண்டைச் சத்தமில்லாமல் முன்னால் வைத்துவிட்டுப் போங்கள். சும்மா இருக்கும் நாயை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் பல வீடுகளில் உண்மையான சிக்கல்.

சலிப்பும் களைப்பும்

மாலையில் கொஞ்ச நேரம் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடி, கடித்து, குரைக்கும் குட்டிக்கு ஆட்டம் போதவில்லை என்று நினைத்துப் பலர் இன்னும் ஓட விடுவார்கள். பெரும்பாலும் அதற்குத் தூக்கம்தான் போதவில்லை. இளங்குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் உறங்கும். ஒரு மணி நேரம் விழிப்பு, இரண்டு மணி நேரம் கூண்டிலோ பாயிலோ உறக்கம் என்று பகலை ஓட்டிப் பாருங்கள். மாலை ஆர்ப்பாட்டம் வெகுவாகக் குறையும்.

உண்மையிலேயே சலித்துப்போன நாய் ஒரே சுருதியில், யாரையும் பார்க்காமல், நீண்ட நேரம் குரைக்கும். நடையின்போது இழுத்துக்கொண்டு போகாமல் மோந்து பார்க்க விடுங்கள். உணவில் ஒரு பங்கைத் துணிச்சுருளிலோ அட்டைப்பெட்டியிலோ ஒளித்துத் தேட விடுங்கள். மெல்லுவதற்கு ஏதாவது கொடுங்கள்.

பயத்தில் குரைப்பது

உடலைப் பின்னுக்குச் சாய்த்து, வாலைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் போய்க் குரைத்தால் அது வீரம் இல்லை, பயம். அதட்டாதீர்கள். விருந்தாளியின் மடியில் கொண்டுபோய் வைத்துப் பழக்குவதும் வேண்டாம். குட்டி குரைக்காமல் பார்க்கக்கூடிய தூரத்துக்கு விலகி நில்லுங்கள். பயந்த பொருளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் டிரீட் வரட்டும். தூரத்தை மெல்ல மெல்லக் குறையுங்கள். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம்வரை புதிய மனிதர், ஓசை, தரை எல்லாவற்றையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவம். அதை வீணாக்காதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டாவது வெளியே காட்டுங்கள்.

குரைப்பை அடக்கும் கருவிகள்

மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை, காரமான வாசனை பீச்சும் பட்டை, நமக்குக் கேட்காத உச்ச ஒலி எழுப்பும் மீயொலிப் பெட்டி எதையும் வாங்காதீர்கள். வேல்ஸ் நாடு 2010இலேயே மின்னதிர்ச்சிப் பட்டைகளைத் தடை செய்தது. கருணை ஒரு காரணம். அதோடு அவை வேலையையும் கெடுக்கின்றன. குழந்தையைப் பார்த்துப் பயந்து குரைக்கும் நாய்க்கு அந்த நொடியில் வலி வந்தால், குழந்தையைப் பார்த்தால் வலிக்கும் என்று படியும். குரைத்து எச்சரிப்பது நின்றுபோய், எச்சரிக்காமலே கடிக்கும் நாய் உருவாகலாம். கூண்டின் மேல் தட்டுவது, தண்ணீர் பீச்சுவது, நாணயம் போட்ட டப்பாவைக் குலுக்குவது எல்லாம் இதே ரகம்தான். கூண்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

நடுவில் எல்லாம் பின்னுக்குப் போனால்

ஆறு மாதம் தாண்டியதும், ஒழுங்காக இருந்த குட்டி கூண்டுக்குப் போக மறுக்கும், பழகிய சத்தங்களுக்கே திடீரென்று குரைக்கும். இளம்பருவம் இனத்தைப் பொறுத்து ஒன்றரை வயதுவரைகூட நீளும். கற்றது எதுவும் அழிந்துவிடவில்லை. பழைய படிகளை மறுபடி ஓட்டுங்கள், இந்த முறை வேகமாக ஏறும். கூண்டின் அளவையும் ஒருமுறை பாருங்கள். குட்டி வளர்ந்து கூண்டு சிறுத்திருக்கலாம்.

கழிப்புப் பழக்கம் உறுதியாகி, பொருள்களைக் கடிப்பதும் நின்றபின் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பத்து நிமிடம், அரைமணி என்று வெளியே போய் வாருங்கள். கூண்டை உடனே எடுத்துவிட வேண்டாம். பல நாய்கள் வயதானபிறகும் அதிலேயே போய் உறங்கும்.

மருத்துவரிடம் எப்போது

திடீரென்று தொடங்கிய குரைப்புக்கு வலி காரணமாக இருக்கலாம். காது, பல், வயிறு, மூட்டு எதுவாகவும் இருக்கலாம். அதனால் புதிதாகத் தொடங்கிய எந்தக் குரைப்புக்கும் முதலில் கால்நடை மருத்துவரின் பரிசோதனை.

அடுத்தது பிரிவுப் பதற்றம். நீங்கள் போன சில நிமிடங்களிலேயே ஊளையிடுவது, பிடித்த உணவைக்கூடத் தொடாமல் இருப்பது, கழிப்புப் பழக்கம் வந்த நாய் உள்ளேயே கழிப்பது, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வது, நகம் கிழிந்து இரத்தம் வருவது. இப்படி இருந்தால் கூண்டை அன்றே நிறுத்துங்கள். இந்த நிலையில் கூண்டு நோயைக் கூட்டும், காயமும் ஏற்படும். நாயைத் தனியே விடாமல் இருக்கத் தற்காலிக ஏற்பாடு செய்துவிட்டு, நடத்தைச் சிக்கல்களில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது நீங்கள் வெளியே கிளம்பியபின் எடுத்த முதல் அரைமணி நேர வீடியோவைக் கையோடு கொண்டுபோங்கள். குரைப்பு எந்த நிமிடத்தில் தொடங்கியது, தின்றதா, படுத்ததா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மருத்துவர் தேவைப்பட்டால் புளூஆக்ஸிடின், குளோமிப்ரமின் போன்ற மருந்தை எழுதிக்கொடுக்கலாம். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். இவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், மேலும் மருந்து மட்டும் போதாது. பதற்றம் கொஞ்சம் தணிந்ததும், ஒரு நொடி கண்ணிலிருந்து மறைந்து திரும்பும் படியிலிருந்து பயிற்சியை மறுபடி தொடங்க வேண்டும்.